மூன்றாம் எண் மோட்டார் எங்கே இருக்கிறது?

தண்ணீரின் பேரால் கூடியிருக்கும் இந்தத் தகைசால் அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் கூட்டுக் குடிநீர்க் குழுத் தலைவர், பெருமதிப்பிற்குரிய சிதம்பரம் ஐயா அவர்களே! குன்றக்குடிப் பக்கமிருந்தும் திருப்பத்தூர்ப் பக்கமிருந்தும் கொதிக்கும் வெயிலில் வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு, பிள்ளையை இடுப்பில் எடுத்துக்கொண்டு வந்த என் தாய்மார்களே! அனைவருக்கும், காரைக்குடிக் கட்டுப்பாட்டு அறையில் மோட்டார்களை இயக்கும் யோகலட்சுமியின் பணிவான வணக்கம்.

வாழ்த்திப் பேசத்தான் அழைத்தீர்கள். வாழ்த்தத்தான் வந்தேன். ஆனால் வாழ்த்து வாய்க்கு வரவில்லை. அச்சம்தான் முந்திக்கொண்டு வருகிறது. பொறுத்துக் கேளுங்கள்.

ஐந்து ஊர், ஊருக்கொரு மோட்டார், மோட்டாருக்கொரு பெட்டி. அந்தப் பெட்டி சிம் கார்டு வழியாக இணையத்துக்குள் தனியாக ஒரு சுரங்கப்பாதை போட்டு நம் காரைக்குடி சர்வரோடு சேர்ந்துகொள்ளும். வி.பி.என். என்கிறார்களே, அதுதான். சேர்ந்த பெட்டிக்கு சர்வர் ஓர் எண் கொடுக்கும், ஐ.பி. எண். என் திரையில் மூன்று என்றால் சாத்தன்குடி. ஐந்து என்றால் பூவாண்டிக்குளம். எண்ணைத் தொட்டு 'ஓடு' என்றால் மோட்டார் ஓடும். 'நில்' என்றால் நிற்கும். அப்படித்தான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வேன்? கண்மாய்க்கு அப்பால் இருக்கும் மோட்டாரை அறைக்குள் இருந்துகொண்டு நான் கண்ணால் காணவா முடியும்?

சென்ற சித்திரையில் சாத்தன்குடித் தரைத்தொட்டியைக் கழுவ சின்னக்கருப்பு அண்ணன் உள்ளே இறங்கினார். இரண்டு ஆள் ஆழம். மேலே ஆள் நுழையும் அளவுக்கு ஒரே ஒரு வாய். வாளிக் கயிற்றைப் பிடித்தபடி மேலே நின்றவர் அவர் மனைவி அக்கம்மாள். இறங்குமுன் என்னிடம் சொன்னார்கள். நானும் மூன்றாம் எண்ணை நிறுத்தினேன். நின்றது. எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

சற்று நேரத்தில் மின்சாரம் போனது. போனது வந்தது. பெட்டிகளின் இணைப்பைக் காட்டும் ஐந்து பச்சை விளக்கும் திரையில் பழையபடி எரிந்தன. பூவாண்டிக்குளத்தில் தண்ணீர் இல்லை என்று அழைப்பு வந்தது. ஐந்தாம் எண்ணை ஓடவிட்டேன்.

தாய்மார்களே, அடுத்து மணியடித்தது அக்கம்மாளின் போன்.

"யோகா! தண்ணி கொட்டுது தாயி! அவுக உள்ள இருக்காக! நிப்பாட்டு!"

மூன்றைப் பார்த்தேன். நின்றுதான் இருந்தது. நின்றதை மறுபடி நிறுத்தினேன்.

"நிப்பாட்டிட்டேன்க்கா! நின்னுருச்சுன்னு காட்டுது!"

"அங்குட்டுக் காட்டி என்னத்தா செய்ய? இங்குட்டு ஊத்துதே!"

நின்றது என்றது திரை. நிற்கவில்லை என்றது போன். யாரை நம்புவேன்? எண்ணை நம்பவா? அக்கம்மாளின் குரலை நம்பவா?

என்ன அண்ணே? ஏணி இல்லையா என்கிறீர்களா? இருந்தது. ஏணிக்கு நேர் மேலேதான் குழாயின் வாய்! கால் வைத்து ஏற ஏற, கொட்டுகிற தண்ணீர் அவரை அடித்துக் கீழே தள்ளியது. நீச்சலும் தெரியாது. வால்வை மூடலாமே என்கிறார் இந்தப் பக்கம் ஒருவர். மூடத்தான் பார்த்தார் அக்கம்மாள். துருவேறிய வால்வு அசையவில்லை. மோட்டாரிடம் ஓடிப் போய் பியூசைப் பிடுங்கவோ, கண்மாயைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

"இடுப்புக்கு வந்துருச்சு தாயி!"

அப்போது எனக்கு ஒன்று உறைத்தது. என் திரையில் மூன்று இருக்கிறது. ஆனால் அந்த மூன்று சாத்தன்குடியில் இல்லை. எங்கே இருக்கிறது? தெரியாது. சாத்தன்குடி எந்த எண்ணில் இருக்கிறது? அதுவும் தெரியாது. அப்படியானால் ஐந்தையும் நிறுத்து! ஊரெல்லாம் வறண்டாலும் வறளட்டும், உயிர் ஒன்று மிஞ்சட்டும்!

ஒன்றைத் தொட்டேன். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றியது, சுற்றியது, நின்றது.

"இன்னும் கொட்டுதா அக்கா?" "கொட்டுது!"

இரண்டைத் தொட்டேன். மறுபடி வட்டம்.

"நெஞ்சுக்கு வந்துருச்சு! ஏய், இங்கரு, மேல பாருய்யா!" அது என்னிடம் சொன்னதல்ல. தொட்டிக்குள் குனிந்து சொன்னது.

நான்கைத் தொட்டேன். வட்டம் சுற்றுகிறது. சுரங்கப்பாதையில் என் சொல் போய்க்கொண்டிருக்கிறது. தொட்டியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. எது முந்தும்? எது பிந்தும்? நான்கு நின்றது. தண்ணீர் நிற்கவில்லை.

ஐந்தைத் தொட்டேன்.

போனில் ஏதோ தரையில் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. "அக்கா! அக்கா!" என்று கத்தினேன். கயிறு உரசும் ஓசை. யாரோ இருமும் ஓசை. இருமுகிறவர் உயிரோடுதானே இருப்பார், இருப்பார்தானே, என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு சின்னக்கருப்பு அண்ணனின் கரகரத்த குரல்:

"யோகா, உசுரு இருக்குத்தா. நீ எதையும் தொட்டுத் தொலைச்சுராத."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நீலச் சேலையில் முன்வரிசையில் இருக்கும் அக்கம்மாளும் சிரிக்கிறார். அன்று நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

நம் கணினித் தொழில்நுட்பர் காளிராஜ் உடனே வந்து பார்த்தார். "வர்ற வரிசைக்குத்தான் சர்வர் நம்பர் குடுக்குதுக்கா. கரண்ட் போய் வந்ததும் சாத்தன்குடிப் பெட்டி கடைசியா வந்து அஞ்சாகிருச்சு" என்றார். பூவாண்டிக்குளம் என்று நான் ஓடவிட்டது சாத்தன்குடியைத்தான்; பதற்றத்தில் அந்த ஐந்தை முதலில் நிறுத்த எனக்குத் தோன்றவில்லை. அதற்கு மருந்தும் அவரே சொன்னார். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தனிப் பேரில் ஒரு சான்றிதழ், அடையாள அட்டை மாதிரி ஒரு கணினிக் கோப்பு, உண்டு. இந்தப் பேரில் வந்தால் இந்த எண்தான் என்று சர்வரில் எழுதி வைத்துவிட்டால், எத்தனை முறை போய் வந்தாலும் எண் மாறாது. அன்றே ஐந்து ஊருக்கும் எழுதிவிட்டார். அதன் பிறகு எத்தனையோ மின்வெட்டு. ஓர் எண் கூட இடம் மாறவில்லை.

அப்படியானால் எனக்கு ஏன் இன்னும் அச்சம்? இன்று ஏழு ஊர்கள் புதிதாய்ச் சேர்கின்றன. அந்த ஏழு பெட்டிக்கும் நிலையான எண் இன்னும் எழுதப்படவில்லை! அவசரத்தில் ஒரே சான்றிதழை நகலெடுத்து இரண்டு பெட்டிக்குள் போட்டிருக்கிறார்கள். ஒரே பேரில் இரண்டு பேர் வந்து நின்றால் சர்வர் யாருக்கு எந்த எண்ணைக் கொடுக்கும்? நான் தற்காலிக ஊழியர்தான். தலைவருக்கு முன்னால், ஊருக்கு முன்னால் இதைச் சொன்னால் நாளை என் வேலை இருக்குமா என்பதும் எனக்குத் தெரியாது. ஆனாலும் கேட்கிறேன், ஐயா. அலங்கரித்த விழா நிற்கட்டும். அந்த ஏழு எண்களும் நிலைக்கட்டும். அதுவரை இன்று எந்த மோட்டாரையும் இயக்கி வைக்க வேண்டாம்!

தலைவர் ஐயா கேட்பது பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. "விழாவையே நிப்பாட்டச் சொல்றீகளாம்மா?" என்கிறார்கள்.

ஆமாம் ஐயா.

காளிராஜைப் பார்த்து, எத்தனை நாள் வேண்டும் என்று கேட்கிறார்கள். "ரெண்டு நாள் குடுங்கய்யா, ஒவ்வொரு ஊருக்கும் போய்ச் சோதிச்சுப் பாத்துட்டு வந்துர்றேன்" என்கிறார் காளிராஜ். ஐயா யோசிக்கிறார்கள்...

தலையசைத்துவிட்டார்கள்! கை தட்டாதீர்கள், சொல்வதைக் கேளுங்கள். "சோதிச்சு முடியட்டும். அதுவரைக்கும் எந்த ஊர்லயும் ஒருத்தரும் தொட்டிக்குள்ள எறங்கக் கூடாது" என்கிறார்கள். இப்போது தட்டுங்கள்!

கேட்ட செவிகளுக்கும், கேட்டதைக் கொடுத்த தலைவருக்கும், இந்தப் பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் சின்னக்கருப்பு அண்ணனுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நம் ஊர்த் தொட்டிகளில் இனி இறங்குகிறவர் எவராயினும், இறங்கியவர் ஏறி வரட்டும்.

வணக்கம்.