பூஜையில் வைத்த கம்ப்யூட்டர்

தி.நகரில் இருந்து அடையாறு போகும் பேருந்து. எனக்கு முன் சீட்டில், ஒரே துணிக்கடையின் அடையாள அட்டையை மாட்டிய இருவர். இருவர் நெற்றியிலும் ஆயுத பூஜைச் சந்தனம். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

"அந்த வைரஸ் ஒரு மிஷின்ல இன்னும் உசுரோடதான் கீது மச்சி."

"கம்ப்யூட்டர் பாக்குற சேகர்தான் எல்லா மிஷினையும் நெட்வொர்க் வயரைப் புடுங்கி சுத்தம் பண்ணாரே?"

"முதலாளி மிஷின் பூஜைல கீது. பொட்டு வெச்சாச்சு, நாளை வரைக்கும் யாரும் தொடக்கூடாது. வைரஸ் மொதல்ல பூந்ததே அதுலதான். ரெண்டு நாள் உக்காந்து கண்டுபுடிச்சவன் நானு. பொன்னாடை சேகருக்கு."

"முதலாளி மிஷின்லயும் இருக்குன்னு சேகருக்குத் தெரியாதா?"

"எங்கிட்ட கேக்கலியே. எல்லாரும் கைதட்டுனாங்க, என் பக்கம் ஒருத்தன் திரும்பல."

"நாளைக்கு விஜயதசமி. முதலாளி கற்பூரம் காட்டி, அவர் கையாலயே வயரைச் சொருகுவாரு. மறுபடி கடை பூரா பரவிடும். இப்பவே போன் போட்டு சொல்லிடு."

ஜன்னலோரம் இருந்தவர் கையிலிருந்த போனைச் சட்டைப்பையில் போட்டார். நந்தனம் சிக்னலில் பேருந்து நின்றது. பக்கத்தில் இருந்தவர் கேட்டார்:

"நாளைக்கு நீ லீவுதான?"

"கேன்சல் பண்ணிட்டேன். எதிர்ல நின்னு பாக்கணும்."