ஆசிட் ஊற்றினால் போதும்

ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் தமிழ்ப்பள்ளி ஆசிரியைகள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். இளையவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னார்.

"இன்னிக்கு ஒரு பிள்ளைய நான் பொய் சொல்ல வெச்சிட்டேன் அக்கா."

"என்னலா சொல்ற?"

"நேத்து திடம், திரவம் பாடம். திரவம் எப்படித் திடமாகும்னு கேட்டேன். காட்டுறதுக்கு ஐஸ்கட்டிகூட கொண்டு போயிருந்தேன். எல்லாரும் குளிர வைக்கணும்னு சொன்னாங்க. ஒரு பொண்ணு மட்டும் எழுந்திரிச்சி, 'குளிரவே வேணாம் டீச்சர், ஆசிட் ஊத்தினா போதும். எங்கப்பா ரப்பர் பால்ல ஊத்துவாரு, கட்டியாயிரும்'னு சொன்னா."

"சரியாத்தானே சொல்லியிருக்கா?"

"ரப்பர் பாலுக்கு மரம் வெட்டுறவரு மகளான்னு மத்த பிள்ளைங்க சிரிச்சிட்டாங்க. புத்தகத்துல அப்படி இல்ல, உட்காருன்னு நானும் சொல்லிட்டேன்."

"உனக்கு அது தெரியாதா?"

"தெரியும் அக்கா. எங்கம்மாவும் மரம் வெட்டினவங்கதான். பள்ளி லீவுல ஆசிட் ஊத்துறது என் வேல. இங்க யார்கிட்டயும் நான் அத சொன்னதில்ல."

மூத்தவர், "அந்தப் பிள்ளையக் கூப்பிட்டு, நீ சொன்னது சரின்னு சொல்லிரு லா" என்றார்.

"இன்னிக்குக் காலையிலயே வகுப்புக்கு முன்னால நிக்க வெச்சி சொன்னேன் அக்கா. உங்கப்பா செய்றத எல்லாருக்கும் சொல்லும்மான்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"'எங்கப்பா கடையில வேல செய்றாரு டீச்சர்'னுட்டா."