தம்பியின் இடுப்பில் போன சாவி

எனது பெயரும் தகப்பனார் பெயரும் முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. வயது நாற்பத்து மூன்று. கடல்தடுப்புச் சுவர் ஊழியர் குடியிருப்பு, மூன்றாம் வரிசை, கடைசி வீட்டில் கணவருடன் வசிக்கிறேன். பதினாறு வருடமாகப் பெரிய கதவின் இயக்குநராக வேலை பார்க்கிறேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன். மெதுவாகச் சொல்லும்படி எழுத்தர் இரண்டு முறை கையைத் தூக்கிவிட்டார். நடந்தது வேகமாகத்தான் நடந்தது.

எங்கள் ஊர் கடல் மட்டத்தை விடத் தாழ்ந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் நின்றால் கப்பலை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். ஆறு கடலில் சேரும் இடத்தில் சுவரில் ஓர் இரும்புக் கதவு உண்டு. கடல் ஏறினால் அதை இறக்குவோம். பிரேக்கை விடுவித்தால் கதவு தன் எடையிலேயே இறங்கும். பாதியில் நிறுத்த முடியாது. அதனால் கதவுக்கு அடியில் டைவர் இறங்கும்போதெல்லாம் பிரேக்கைப் பூட்டி, சாவியைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு போவார். சாவி திரும்பி வந்தால்தான் ஆள் திரும்பி வந்ததாக அர்த்தம். மாற்றுச் சாவி கிடையாது. டைவர் என் கூடப் பிறந்த தம்பி.

சம்பவத்தன்று பிற்பகல் 2.10க்கு, கதவு உட்காரும் பள்ளத்தில் சிக்கிய மரத்துண்டை எடுக்கத் தம்பி இறங்கினான். அவன் மனைவிக்குக் காலையிலிருந்து பிரசவ வலி. "நீ கிளம்புடா, வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்றேன். "அவ உள்ள இருப்பா, நான் வெளிய நிப்பேன். அங்க போய் என்ன கிழிக்கப் போறேன்க்கா" என்று இறங்கிவிட்டான். கயிற்றை நான் பிடித்திருந்தேன். 2.35க்குக் கட்டுப்பாட்டு அறையில் மணி அடித்ததால் கயிற்றைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு மேலே ஓடினேன். புயல் திசை மாறிவிட்டது, ஒரு மணி நேரத்தில் கடல் ஏறும் என்று வானிலை நிலையத்தில் சொன்னார்கள். அந்த ஒரு மணி நேரம் இருபது நிமிடத்தில் வந்துவிட்டது.

அதன் பிறகு கீழே வந்து பார்த்தபோது காவலாளி இல்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. கயிறு கைப்பிடியில் கட்டியிருந்தது. தம்பியின் செருப்பு படியில் கிடந்தது. பிரேக் பூட்டியபடியே இருந்தது. கயிற்றை இரண்டு முறை சுண்டினேன். அடியில் ஆள் இருந்தால் பதிலுக்கு இரண்டு முறை சுண்டுவான். எதுவும் வரவில்லை. பலமாக இழுத்தபோது கயிறு விறைத்து நின்றது. கீழே எதிலோ மாட்டியிருந்தது.

அதன் பிறகு 3.04க்குப் பொறியாளர் வயர்லெஸ்ஸில், "பூட்டை உடைச்சுக் கதவை இறக்கும்மா" என்றார். "சாவி வரலைங்க. ஆள் கீழ இருக்காரு" என்றேன். "ஊரே கீழதாம்மா இருக்கு" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தாண்டி முதல் வரிசை வீடுகளுக்குள் புகுந்தது. நான் தம்பியின் பேரைச் சொல்லித் தண்ணீரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். இப்படிப் பதின்மூன்று நிமிடம் போனது.

3.17க்கு, பிரேக் மேடையில் கிடந்த தம்பியின் பைக்குள் போன் அடித்தது. திரையில் 'மாமியார்' என்று இருந்தது. எடுத்தால் தம்பியின் குரல். "அக்கா, சாவி என் இடுப்புலயே இருக்கு. ஆஸ்பத்திரியில நிக்கறேன். பொண்ணு பொறந்திருக்கா." மாமியார் காவலறைக்குப் போன் செய்ததும், மரத்துண்டை எடுத்துவிட்டு அப்போதுதான் கரையேறிய தம்பியைக் காவலாளி ஈர உடையோடு ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பறந்திருக்கிறார். செருப்பு, அவிழ்த்துத் தண்ணீரிலேயே விட்ட கயிறு, சாவி எதுவும் இருவர் நினைவிலும் இல்லை. "நாசமாப் போறவனே" என்றேன். அழுதுகொண்டே சிரித்தேன். அதன் பிறகு இரும்பு வெட்டும் கட்டரால் பூட்டை வெட்டி பிரேக்கை விடுவித்தேன். கதவு இறங்கி உட்கார்ந்தபோது சுவர் முழுவதும் அதிர்ந்தது. கடல் வந்து மோதி அப்படியே நின்றது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தன்றுகூட இல்லை. என் கணவர் வெளியே உட்கார்ந்திருக்கிறார், இந்த வரியை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

பதினான்கு வீடுகளில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் புகுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. என் மீது வந்துள்ள புகாரில் பூட்டை உடைத்தது ஒரு குற்றம், உடைக்கத் தாமதித்தது இன்னொரு குற்றம் என்று இருக்கிறது. இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். மாலையில் சாவியோடு ஓடி வந்த தம்பியைக் கன்னத்தில் அறைந்ததும் உண்மை. புகாரில் அது விட்டுப்போயிருக்கிறது.

எழுத்தர் வாசிக்கக் கேட்டேன். கையெழுத்துப் போடும் முன் இதையும் சேர்க்கச் சொன்னேன். போன் அடித்தபோது கட்டர் என் கையில் இருந்தது. அதன் வாய் பூட்டைக் கவ்வியிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். பொறியாளர் இதைப் பார்க்கவில்லை. தம்பிக்கும் தெரியாது. குழந்தைக்கு என் பெயரை வைக்கப்போவதாகச் சொல்கிறான். நான் வேண்டாம் என்கிறேன், அவன் காரணம் கேட்கிறான்.

கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது.

(கையெழுத்து)
பெரிய கதவு இயக்குநர்