வெள்ளை டோக்கன்

மஞ்சள் டோக்கன்கள் சீக்கிரம் அழுக்காகிவிடும். மாதம் ஒருமுறை புது அட்டை வாங்கி, கத்தரித்து, எண் எழுதி வைப்பேன். வெள்ளை டோக்கன்களுக்கு அந்த வேலை இல்லை. ஜூன் மாதம் நான் கத்தரித்தவை அக்டோபரிலும் ஓரம் மடங்காமல் இருந்தன.

முதலிலிருந்து சொல்கிறேன் மேடம். இடையில் கேள்வி கேட்டால் எனக்குக் கோர்வையாக வராது.

எங்கள் கிளினிக் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. டாக்டர் ராமதாஸ் ஒருவர்தான். தினமும் நூறு பேர் வருவார்கள். அதனால்தான் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, அதற்கு மேல் ஒன்றரை வருடம் பயிற்சியும் எடுத்திருந்த என்னைச் சேர்த்தார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், காய்ச்சல், புண் எல்லாம் நானே பார்த்து மருந்து எழுதலாம். நிலைமை மோசமானால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். எனக்குத் தனி அறை, மேஜை, கதவில் 'அறிவுமதி' என்று பலகை. என்னிடம் வருபவர்களுக்கு வெள்ளை டோக்கன், டாக்டரிடம் போகிறவர்களுக்கு மஞ்சள்.

கார்த்திகை தீபத்துக்குள் பாதிப் பேராவது வெள்ளை எடுக்க வேண்டும் என்று அறக்கட்டளையில் சொல்லியிருந்தார்கள். இல்லாவிட்டால் அறையும் பலகையும் போய்விடும். பழையபடி ஊசி மட்டும் போட வேண்டியதுதான்.

ஒரு நாளைக்கு நான்கு பேர் எடுத்தார்கள். அவர்களும் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தவர்கள்.

"பழகணும்மா. பழகிட்டா நம்புவாங்க" என்பார் ராமதாஸ் சார். நல்லவர். எனக்கு டீ வந்ததா என்று தினமும் கேட்பார்.

தனம் அக்கா பாதையோரம் இளநீர் விற்பவர். சர்க்கரை நோயாளி. கால் கட்டைவிரலில் புண்ணோடு வந்தார். நான் வெள்ளை டோக்கனை நீட்டினேன். அவர் அதைத் தள்ளிவிட்டு மஞ்சளை எடுத்தார்.

"நீ பாத்து இன்னா தெரியப்போவுது? குத்தறதுல உன்ன மாதிரி ஆளே இல்லம்மா, வலியே தெரியல. நீ குத்தற வேலையப் பாரு. பாக்கற வேலைய டாக்டரு பாக்கட்டும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் அதை யோசித்தேன். அவர் சொன்னதில் தவறில்லை. மஞ்சள் டோக்கன்காரர்களுக்கும் ஊசி போடுவது நான்தான். சார் ஊசி அறைக்குள் வந்து பார்த்ததே இல்லை. என் கண்ணை நம்பாதவர்கள் என் கையை நம்பினார்கள்.

ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள இரண்டு குழுக்கள் வேண்டும். ஒன்றுக்கு மருந்து, மற்றதற்கு வெறும் தண்ணீர். கல்லூரியில் படித்ததுதான். என்னிடம் வந்தவர்களுக்கு மருந்தைப் போட்டேன். மஞ்சள் டோக்கன்காரர்களில் பதினொரு பேருக்கு, பொடி மருந்தைக் கரைக்க வைத்திருக்கும் தண்ணீரை மட்டும் போட்டேன். அதில் விஷம் எதுவும் கிடையாது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரத்தில் பேச்சு மாறியது. டாக்டருக்குக் கைராசி போய்விட்டது என்றார்கள். வெள்ளை டோக்கன்களின் ஓரங்கள் மடங்கத் தொடங்கின.

நவம்பர் இரண்டாம் வாரம் தனம் அக்கா வெள்ளை டோக்கனோடு என் அறைக்கு வந்தார். மகன் குமரேசன் தாங்கிப் பிடித்து உட்காரவைத்தான்.

"டாக்டரு ஊசிக்கு ஒண்ணும் கேக்கல கண்ணு. நீயே பாரு. அன்னிக்கி வாய் ஜாஸ்தியாயிடுச்சி, மனசுல வச்சிக்காத."

கட்டைப் பிரித்தேன். மூன்று விரல்கள் கறுத்திருந்தன. கறுப்பு பாதத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. நாற்றம் தாங்காமல் குமரேசன் வெளியே போனான். அந்த நிலையில் ஒருவரை உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும். பயிற்சியில் முதல் பாடமே அதுதான். ஆனால் அனுப்பினால் மறுபடியும் மஞ்சள் டோக்கன். அவர் அப்போதுதான் என்னிடம் வந்திருந்தார்.

நான்கு நாள் நானே பார்த்தேன். நிஜ மருந்தைத்தான் போட்டேன். ஐந்தாம் நாள் காலை இறந்துவிட்டார்.

மதியம் குமரேசனும் அவன் தம்பி மணியும் வந்தார்கள். கையில் இளநீர் வெட்டும் கத்திகள்.

"உங்கிட்ட வர்றதுக்கு மின்னாடி எங்கம்மாவப் பாத்தது யாரு?" என்றான் குமரேசன்.

மருந்துச் சீட்டுகளை எடுத்துக் கொடுத்தேன். எல்லாவற்றிலும் சாரின் கையெழுத்து இருந்தது. நான் எழுதிய நான்கு சீட்டுகள் என் மேஜை இழுப்பறையில் இருந்தன. அவற்றை அவன் கேட்கவில்லை.

முதல் வெட்டு சாரின் தோளில் விழுந்தது. சார் பின்பக்கக் கதவுக்கு ஓடினார். குரங்குகள் உள்ளே வந்து மாத்திரை அட்டைகளைத் தூக்கிக்கொண்டு போகும் என்பதால் அந்தக் கதவை எப்போதும் பூட்டித்தான் வைப்போம். சாவி என் கோட்டுப் பையில் இருக்கும்.

"அறிவு, சாவி" என்றார். கத்தவில்லை. டீ வந்ததா என்று கேட்கும் அதே குரல்.

பைக்குள் கையை விட்டேன். சாவி என் விரல்களுக்குள் இருந்தது. அவர் கதவை மூன்று முறை தட்டினார். நான்காவதாகக் கதவில் மோதியது அவர் தலை. இளநீரை மூன்று வெட்டில் சீவிவிடுவார்கள். தம்பி மணிக்கு ஏழு வெட்டு வேண்டியிருந்தது. கதவின் அடியில் ரத்தம் வழிந்து பின்புறப் படிக்கட்டுக்குப் போனதை, கூட்டம் கலைந்த பிறகு நான்தான் கழுவப் போனேன். போலீஸ் வரும்வரை தொடாதே என்று யாரோ தடுத்தார்கள்.

இழுப்பறையிலிருந்த சீட்டுகளை நீங்கள் எடுத்திருக்காவிட்டால் இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டேன். எடுத்துவிட்டீர்கள். அந்தப் பதினொரு பேரில் தனம் அக்காவோடு சேர்த்து நான்கு பேர் இப்போது இல்லை. அவர்களையும் ராமதாஸ் சாரையும் நான்தான் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. இன்று காலை காவலுக்கு இருந்த ஏட்டம்மா அருணாதேவி, ஷூவைக் கழற்றிக் குதிகாலைக் காட்டினார்.

"ஒரு வாரமா ஆறல. எனக்கும் சுகர் இருக்கு. இன்னான்னு பாத்து சொல்லேன்."

மண்டியிட்டு உட்கார்ந்து, அழுத்திப் பார்த்தேன். டாக்டரிடம் போக வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சரி என்று தலையாட்டினார்.

ராமதாஸ் சார் சொன்னது சரிதான் மேடம். பழகிவிட்டால் நம்புகிறார்கள்.