ஏணி அக்காவுக்கு நான்காம் மேசையிலிருந்து

சாகும் செல்லிலும் சீர்மை கண்ட செம்மலே! உட்கருவின் உள்நடப்பை உலகுக்கு உரைத்த உரவோரே! எங்கள் ஆய்வுக்கூடம் ஏணி அக்கா என்று உரிமையோடு அழைக்கும், இன்று பணி ஓய்வு பெறும் அம்மையீர், வணக்கம்!

முப்பத்தைந்து ஆண்டுகள் முகம் சுளிக்காமல், முயற்சி தளராமல் உழைத்தீர்கள். செல் சாவதற்கும் ஒரு முறை உண்டென்று காட்டினீர்கள். வெட்டும் புரதத்தை ஒரு துணைப் புரதம் இறுகப் பிடித்திருக்கும். சாவுக் கட்டளை வந்ததும் அந்தப் பிடி அறுபடும். விடுபட்டது உட்கருவில் புகுந்து டி.என்.ஏ.வைச் சீரான துண்டுகளாக நறுக்கும். உட்கரு சுருங்கிச் சிதறும். இதைக் கண்டுசொன்ன உங்களுக்கு விருதுகள் வரிசைகட்டி வந்தன. ஒவ்வொரு முறையும் முதல் வரிசையில் நின்று கைதட்டினேன். ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரிந்தது.

வாழ்த்துமடல் எழுதத்தான் என்னிடம் சொன்னார்கள்; இந்த எரிச்சலை எழுதச் சொல்லவில்லை. ஆனால் இம்மடலைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டப்போகிறார்கள். அதில் பொய் இருக்கக்கூடாது.

முப்பத்தோர் ஆண்டுக்கு முன், டி.என்.ஏ. துண்டுகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்ட ஒருவர் ஓட்டிய ஜெல்லில், டி.என்.ஏ. ஒரே கோடாக நிற்காமல் ஏணிப்படிகளாக இறங்கியிருந்தது. மாதிரி கெட்டுவிட்டது, இயக்குநரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று பயந்து, அவர் அந்த ஜெல்லை எடுத்த படத்தைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார். குனிந்து எடுத்தவர் நீங்கள். மேசை மேசையாக வந்து, "இது யாரோட ஜெல்?" என்று கேட்டீர்கள். நான், "என்னோடது இல்லக்கா" என்றேன்.

மூன்றாண்டு பாடுபட்டு அந்தப் படிகளுக்குக் காரணம் கண்டீர்கள். கட்டுரை எழுதும்போது மறுபடி வந்து, "சொன்னா பேரைச் சேர்த்துடலாம்" என்றீர்கள். ஒருமுறை பொய் சொன்ன வாய் திறக்கவில்லை. அன்று முதல் உங்கள் புகழையெல்லாம் என் வீட்டுப் பொருளைப் பிறர் அனுபவிப்பதுபோல் பார்த்துப் புழுங்கினேன்.

நேற்று அறையைக் காலி செய்தபோது, சுருக்கம் நீவிய அந்தப் படத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனீர்கள். பின்புறம் மங்கிய மையில், உங்கள் கையெழுத்தில், அன்றைய தேதியும் என் மேசை எண்ணும் இருந்தன. தெரிந்தும் நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தீர்கள். பெருந்தன்மையிலும் முந்திக்கொண்டீர்களே, அதுவும் எனக்குப் பொறாமைதான்!

நோயின்றி நெடுங்காலம் வாழ்க! சாகவேண்டிய செல்கள் முரண்டு பிடிக்காமல் முறையாகச் சாக, மற்றவை தழைக்கட்டும்!

பணியாளர் அனைவரின் சார்பில்,
நான்காம் மேசைக்காரன்.

அக்கா, அது என்னோடதுதான்.