ஆதாயம் என்கிற கட்டம்

அன்னிக்கு மேசையில இருந்தவங்க என்னையும் சேத்து ஏழு பேரு மேடம். வாக்குமூலத்துல எழுதிக்கிறீங்களா? ஜெரார்ட், ஆர்னால்ட், திலீப், பாலகிருஷ்ணன், காதர் மைதீன், ஆரிஃப். ஏழாவது நான், இயேசுதாசன். தேக்கா சாப்பாட்டுக் கடை, ஆகஸ்ட் மாசம் முதல் ஞாயிறு, பூசை முடிஞ்சு பதினொண்ணே கால். தேத்தண்ணி ஆர்டர் எடுக்கிற அம்மா ரெண்டு தடவ வந்தாங்க. உக்காரல. அதனால சேக்கல.

வயசு எழுபத்தொண்ணு. மார்சிலிங். தனியாத்தான் இருக்கேன், ஓரறை வீடு. இங்க சிங்கப்பூர்லயே கப்பல் பட்டறை ஸ்டோர்ல முப்பத்தோரு வருசம். ரிட்டையர் ஆகுற அன்னிக்குக் கணக்குப் பாத்தா ஒரு போல்ட் அதிகமா இருந்துச்சு. அத எழுதிக் குடுத்துட்டுத்தான் வந்தேன்.

பிசினஸா? இல்ல மேடம். பணம் அனுப்புற கடையில லைசென்ஸ ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பாங்க, பாத்திருக்கேன். அது கடைக்குன்னு நெனச்சேன். மேசைக்கும் வேணும்னு நீங்க சொல்லித்தான் தெரியுது.

ஆமா, இந்தியாவுலருந்து வேலைக்கு வந்த அந்தப் பசங்க போன்லயும் பணம் அனுப்புற ஆப் இருக்கு. ஆனா ஜனவரியில ஆர்னால்ட் ஒரு நம்பர மாத்தி அடிச்சு, முன்னூறு வெள்ளி யாருக்கோ போயிடுச்சு. அதுலருந்து அவன் அந்த ஆப்பத் தொடுறதே இல்ல. அங்கிள், நீங்க அடிச்சுக் குடுங்கன்னான். நான் ஒவ்வொரு நம்பரையும் மூணு தடவ படிப்பேன், கடைசித் தடவ பின்னாலருந்து. அதப் பாத்துட்டு மத்தவங்களும் வந்துட்டாங்க. எனக்கு முடியாதுன்னு சொல்ல வராது லா.

அவங்க கையில காசாக் குடுப்பாங்க. நான் என் பேருல, என் ஆப்லருந்து அனுப்புவேன். அனுப்புற கூலி என் காசு. பிப்ரவரிலருந்து ஜூலை வரைக்கும் மாசம் ஆறு, மொத்தம் முப்பத்தாறு. ஒண்ணும் தப்பாப் போகல.

தப்பு எங்கன்னா, ஆப்ல ஒரு கேள்வி வரும். பெறுபவர் யாருன்னு. நான் அவங்களக் கேட்டேன், இவங்க யாருப்பா? என் மனைவி அங்கிள்னாங்க. மனைவின்னு டிக் அடிச்சேன். அஞ்சு பேருக்கு மனைவி. ஆரிஃபுக்கு மட்டும் அம்மா.

சிரிக்காதீங்க மேடம். ஆகஸ்ட்ல அந்தக் கம்பெனிப் பொண்ணு போன் பண்ணி, சார், உங்களுக்கு அஞ்சு மனைவியான்னு கேட்டுச்சு. நான் கத்தோலிக்கன்மா, ஒண்ணு கூடக் கிடையாதுன்னேன். உடனே கணக்க முடக்கிட்டாங்க.

ஆறு பேரு காசும் உள்ள மாட்டிக்கிச்சு. ரெண்டாயிரத்து எண்ணூத்தி அறுபது. அவங்களுக்கு நஷ்டமா? இல்லல்ல. மறுநாளே என் சேமிப்புலருந்து எடுத்து ஆளாளுக்குக் குடுத்துட்டேன். இந்தாங்க, ஆறு கையெழுத்து. அவங்களக் கூப்பிட வேணாம் மேடம். ஒரு நாள் லீவு போட்டா சம்பளம் போயிடும். பேரக் கேட்டீங்க, மறைக்கக் கூடாதுன்னு சொன்னேன்.

படிவத்துல இந்தக் கட்டமா? பெற்ற ஆதாயம். இல்லன்னு போட்டுக் கையெழுத்துப் போட்டா எச்சரிக்கைக் கடிதத்தோட முடிய வாய்ப்பிருக்கு. இருக்குன்னு போட்டா கேஸு மேல போகும். புரியுது.

கமிஷன் ஒரு காசு இல்ல. தேத்தண்ணி கூட நான்தான் வாங்கிக் குடுப்பேன்.

பேனா எழுதுது மேடம். யோசிக்கிறேன்.

இந்தியாவுலருந்து எனக்கு வந்த போன எண்ணிப் பாத்தீங்களா? நாப்பத்து மூணு இருக்கும். பணம் வந்து சேந்துச்சான்னு தெரியாம நான் நோட்டுல டிக் அடிக்க மாட்டேன். பசங்க போன் வேலையிடத்துல லாக்கர்ல இருக்கும். அதனால வீட்டுல இருக்கவங்கள எனக்குக் கூப்பிடச் சொன்னேன். வந்துடுச்சுங்கம்பாங்க, வச்சிடுவாங்க. அது முப்பத்தாறு. அது வேலை.

ஆரிஃபோட அம்மா, சம்சுன்னிசா, அவங்க மட்டும் ரெண்டாவது தடவயும் கூப்பிடுவாங்க. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு. அண்ணே, சாப்டீங்களான்னு கேப்பாங்க. சாப்டேம்மான்னு சொல்லுவேன். அவ்வளவுதான் பேச்சு. ரெண்டு தடவ சாப்பிடாமலே சாப்டேன்னு சொல்லியிருக்கேன், அதையும் எழுதணும்னா எழுதிக்குங்க. ஆகஸ்ட்ல பணமே போகல. அப்பவும் கூப்பிட்டாங்க. பணத்தப் பத்திப் பேசவே இல்ல.

சாப்டீங்களான்னு என்ன வேற யாரும் கேக்குறதில்ல மேடம். மாசம் பொறந்தா நான் எதுக்கு அந்த மேசையில போய் உக்காந்தேன்னு எனக்குத் தெரியும். இல்லன்னு எப்படி எழுத?

நாப்பத்து மூணுல முப்பத்தாறக் கழிச்சு அந்தக் கட்டத்துல போடுறேன்.

ஏழு.