வாய்தாவும் மோட்டார் சைக்கிளும்

மாயவரம் கோர்ட்டில் குத்தகை வழக்குக்கு மறுபடியும் வாய்தா போட்டிருந்தார்கள். திரும்பி வந்த பஸ்ஸில் நிலக்காரரும் குத்தகைக்காரரும் எனக்கு முன் சீட்டில் சேர்ந்தே உட்கார்ந்திருந்தார்கள்.

"வழக்கு கிடக்கட்டும்," என்றார் நிலக்காரர். "ஷெட்டுல நம்ம வண்டி ஸ்டார்ட்டே ஆகமாட்டேங்குது. நாம ரெண்டு பேரும் பிரிச்சுக் கோத்த மோட்டார் சைக்கிள்டா அது. வந்து பாரேன்."

"எதிராளி வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு வக்கீல் சொல்றாருங்க."

"என் வக்கீலும் அதைத்தான் சொல்றார்."

"நிலத்த நான் விடமாட்டேங்க."

"நானும் விடமாட்டேன்."

தன் ஊர் வந்ததும் நிலக்காரர் கம்பியைப் பிடித்து மெல்ல எழுந்தார்.

"அலுத்துப்போச்சு. வண்டிய வித்துடுறேன்."

"விக்காதீங்க," என்று எழுந்த குத்தகைக்காரர், அடுத்த ஊருக்கு டிக்கெட் எடுத்திருந்தும், அவர் பின்னாலேயே இறங்கினார்.